மூன்றில் குறைந்தது

நூற்று அறுபத்து நான்கு. அந்த ஒரே ஓர் எண்ணோடு அப்பா அலுவலகத்திலிருந்து வந்த மாலையில் நான் உட்காரவே இல்லை. சாப்பாட்டு மேசைக்கும் பால்கனிக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினேன். லேக் கார்டன்ஸில் எங்கள் வீடு அப்படியொன்றும் பெரிதில்லை. நாலு எட்டு வைத்தால் பால்கனிக் கம்பி, திரும்ப நாலு எட்டு வைத்தால் அப்பா.

"ஒரு தடவ அளந்தா அது அளவாப்பா? ஒரு புள்ளிய வச்சு ஒரு கோடு போட முடியுமா? முடியாதுல்லா?"

"அதத்தான் நானும் டாக்டர்ட்ட சொன்னேன்."

"நீங்க என்னத்த சொன்னீய," என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து. "கைய நீட்டுனீய, அவரு எழுதுனாரு. வாயத் திறந்திருக்க மாட்டீய."

அப்பா மறுக்கவில்லை.

அப்பாவுக்கு ஆற்றை அளக்கிற வேலை. லாஞ்சு என்கிற விசைப்படகில் ஹூக்ளி ஆறு முழுக்கப் போய், தரை எத்தனை ஆழத்தில் இருக்கிறது, போன மாதம் இங்கே கிடந்த மணல் திட்டு இந்த மாதம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து வரைபடத்தில் குறிப்பார்கள். அதைப் பார்த்துத்தான் கப்பல்கள் உள்ளே வரும். தூத்துக்குடியில் கடலருகே தொடங்கிய வேலை, நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்களைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. கடலை விட்டு வந்ததில் முதலில் அவருக்கு வருத்தம்தான். அப்புறம் இந்த ஆறு அவரைப் பிடித்துக்கொண்டது. "கடல் சும்மா கெடக்கும். இது ஒரு நாளும் சும்மா கெடக்காது," என்பார். என்னைப் பற்றியும் இதே வார்த்தைகளில்தான் சொல்வார், குரல் மட்டும் வேறு.

ஆற்றில் போகிறவர்களுக்கு ஆண்டுதோறும் உடல் தகுதிச் சோதனை உண்டு. இந்த முறை பிரஷரில் தட்டியது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். இன்றே மாத்திரை தொடங்கலாம். அல்லது ஒரு மாதம் வீட்டில் காலையும் மாலையும் அளந்து சராசரியைக் கொண்டுவரலாம். அந்தச் சராசரி நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் லாஞ்சுக்குக் கையெழுத்து. அதுவரை மேசை வேலை.

அப்பா இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மாத்திரை தொடங்கிய யாரையும் அவருடைய பிரிவில் மறுபடி ஆற்றுக்கு விட்டதில்லை என்பது அவர் நம்பிக்கை. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. அந்த வருடங்களை ஏ.சி. அறையில் அடுத்தவர்கள் அளந்து வந்ததைச் சரிபார்த்தபடி கழிப்பது என்பதை அவர் நினைத்துப் பார்க்கவே மறுத்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் ஊறுகாயைத் தொடவில்லை. அம்மா ஊறுகாய் ஜாடியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரு துள்ளல். பாலிகஞ்சில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் என் படிப்பால் இதுவரை ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. இப்போது அப்பாவின் லாஞ்சு ஒரு சராசரியில் வந்து நிற்கிறது. சராசரி என்றால் என் வீட்டுப் பிள்ளை மாதிரி. ஓர் எண்ணின் பொய்யை நூறு எண்களால் அம்பலமாக்கிவிடலாம் என்று அன்றைக்கு நான் நிஜமாகவே நம்பினேன்.

கருவியைக் கீழ்வீட்டு காக்கிமாவிடமிருந்து வாங்கி வந்தேன். காக்கிமா என்று கூப்பிட்டாலும் உறவொன்றும் இல்லை. இந்த ஊரில் கீழ்வீட்டு மூத்த பெண்மணி எல்லாருக்கும் சித்திதான். அவரே மேலே வந்து பட்டையைக் கையில் எப்படிச் சுற்றுவது என்று காட்டினார். அப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"போஷோ, போஷோ," என்றார் காக்கிமா, உட்கார், உட்கார் என்று. அப்பாவைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னைச் சொல்லியிருக்கிறார். "நீ இப்படிச் சுத்தினா எனக்கே பிரஷர் ஏறுது!"

கருவி ஊதியது, உறுமியது, இறங்கியது. நூற்று எழுபத்தொன்று.

"இதென்ன கூடுது?" என்றார் அப்பா.

மறுநாள் காலை நூற்று முப்பத்தெட்டு. அன்று மாலை நூற்று ஐம்பத்தைந்து. சும்மா ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவுக்கும் எடுத்தேன். நூற்றுப் பதினெட்டு. மறுநாள் நூற்று இருபது. அதற்கும் மறுநாள் நூற்றுப் பத்தொன்பது. ஒரே கருவி, ஒரே நாற்காலி. அம்மாவின் எண்கள் பாய் விரித்துப் படுத்துக்கொண்டன. அப்பாவுடையவை பேருந்தில் நின்றுகொண்டு போகிற கூட்டம் மாதிரி இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன.

"பாத்தியாம்மா, ஒனக்கு மூணு தடவ எடுத்தாலே போதும். சராசரி கண்ணுக்குத் தெரியுது. அப்பாவுக்கு அப்டி இல்ல. சிதறல் ஜாஸ்தி. நெறைய எடுக்கணும்."

அம்மா ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். "ஆமா. கலக்கி விட்ட ரசம்னா ஒரு கரண்டி நாக்குல விட்டாப் போதும். தெளிவு மேல நின்னு மண்டி கீழ கெடந்தா எத்தன கரண்டிய விட்டாலும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ருசி. ஒங்கப்பா கலக்காத ரசம்ட்டி."

"யாரு மண்டி?" என்றார் அப்பா முன்னறையிலிருந்து.

"ஒங்களச் சொல்லல. ரசத்தச் சொன்னேன்."

வகுப்பில் இதைத்தான் ஒரு சூத்திரமாகப் படித்திருந்தேன். அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதை, எத்தனை அளவுகள் எடுத்தோமோ அதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் சராசரியின் தடுமாற்றம். உண்மையான நடுவிலிருந்து நம் சராசரி எவ்வளவு தள்ளி நிற்கக்கூடும் என்பதன் அளவு. மேலே சிதறல், கீழே எண்ணிக்கை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த வர்க்கமூலத்தைப் போல ஒரு கஞ்சனை நான் பார்த்ததில்லை. தடுமாற்றத்தைப் பாதியாக்க வேண்டுமா, நாலு மடங்கு அளவுகள் எடு என்கிறது. மூன்றில் ஒன்றாக்க ஒன்பது மடங்கு. அப்பாவைப் போலச் சிதறுகிற ஒருவருக்கு, காலை ஒன்று மாலை ஒன்று என்று போனால் மாதக் கடைசியில்தான் ஏதோ கொஞ்சம் தெரியும். எனக்கு மாதக் கடைசி வரை காத்திருக்கிற உடம்பு இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன் குழம்பு சாப்பிட்டுக் கண் சொருகிக்கொண்டிருந்த அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து வரிசையாக அளந்துகொண்டே போனேன். ஊது, உறுமு, இறங்கு. சற்றே இடைவெளி விட்டு மறுபடி ஊது. அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். எல்லாம் நூற்று முப்பதுகளில். பத்து அளவுகள்! சராசரி நூற்று முப்பத்தாறு, தடுமாற்றம் நூலிழை.

"அப்பா! லாஞ்சு வந்துட்டு!"

அவர் கண் விழித்து முதலில் ஜன்னலைத்தான் பார்த்தார்.

மறுநாள் காலை நூற்று அறுபது.

பாலிகஞ்ச் ஸ்டேஷன் படிக்கட்டில் கூட்டம் என்னை மேலே தள்ளிக்கொண்டு போகையில்தான் அது உறைத்தது. பத்து அளவு எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, பத்தும் ஒரே மதியம், ஒரே மீன் குழம்பு, ஒரே தூக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் பத்து முறை அளந்திருக்கிறேன். அப்பாவை ஒரு முறைதான். அந்த நூலிழைத் தடுமாற்றம் அந்த மதியத்துக்கு உரியது; அவருடைய திங்கட்கிழமையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. படியில் நின்றேன். பின்னால் வந்தவர் முதுகில் இடித்து ஏதோ திட்டினார், அதில் பாதி நியாயம்தான்.

அப்புறம் ஒழுங்குக்கு வந்தேன். காலையில் குளிக்கும் முன்பு ஒன்று, மாலையில் வீடு வந்து சற்று அமைந்த பிறகு ஒன்று. ஆனால் இந்த ஒழுங்கிலும் ஒரு ஓட்டை இருந்தது, அதைக் கண்டுபிடித்தது அம்மா. ஒரு மாலை நூற்று அறுபத்தொன்று வந்தது. ஆட்டோ வரிசையில் யாரோ முந்தி ஏறிவிட்டதில் அப்பா சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.

"அப்ப இது கணக்குல வேண்டாம்," என்றேன் உடனே. "சண்டை போட்ட பிரஷர் அது."

இன்னொரு காலை நூற்று ஐம்பத்தெட்டு. காபி குடித்துவிட்டாராம். அதையும் விட்டோம். மற்றொரு மாலை மின்விசிறி நின்றுபோய் வியர்வையில் எடுத்தது. அதுவும் வேண்டாம்.

"ஏட்டி," என்றாள் அம்மா, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "கூடினா மட்டும் எதனாலன்னு கத கேக்க. நேத்து நூத்து முப்பத்துநாலு வந்துச்சே, அது எதனாலன்னு யாராச்சும் கேட்டியளா? நேத்து அவிய மேனேஜரு லீவு."

நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆட்டோ சண்டை எந்த வாரம்தான் இல்லாமல் இருக்கிறது? சண்டையும் காபியும் வியர்வையும் சேர்ந்ததுதான் அப்பாவின் ரத்தம். விட்ட எண்களை எல்லாம் மறுபடி சேர்த்தேன். சராசரி ஒரு குதி குதித்து மேலே போனது.

அந்த வாரம்தான் அப்பா மாலை அளவைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். மேசை வேலையில் அவர் சீக்கிரம் வந்துவிடுவார். அம்மா அந்நேரம் காக்கிமாவோடு ஏரிக்கரையில் நடக்கப் போயிருப்பாள். என் ரயில் வரத் தாமதமாகும். ஏன் எனக்காகக் காத்திருக்க வேண்டும்? எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

எண்கள் வந்தன. நூற்று முப்பத்தொன்பது. நூற்று முப்பத்தேழு. நூற்று முப்பத்தெட்டு. மறுபடி முப்பத்தேழு. சராசரி கீழே வந்ததைவிட எனக்கு இனித்தது சிதறல் சுருங்கியதுதான். ஆடிக்கொண்டிருந்த எண்கள் ஒன்றையொன்று தோளில் கைபோட்டு நிற்கின்றன! சிதறல் குறைந்தால் எண்ணிக்கையும் அவ்வளவு தேவையில்லை. கஞ்சன் வர்க்கமூலத்தை ஏமாற்றிவிடலாம். வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மேசைக்கடியில் சராசரியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். "அந்த மனுசன் திடீர்னு எப்பிடி நின்னாரு?" என்றாள். "காலையில எடுக்கது அப்பிடி நிக்கலையே."

காலை எண்கள் பழையபடிதான் ஆடிக்கொண்டிருந்தன. மாலையில் ஏரிக் காற்று வரும், அதனால் இருக்கும் என்று எதையோ சொல்லிவைத்தேன்.

பிறகு அந்தப் புயல் மாலை. வைகாசிக் காலத்தில் இங்கே மதியம் வரை அடுப்பு மாதிரி எரியும் வானம், சட்டென்று வடமேற்கில் கறுத்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். கால்பைஷாகி என்பார்கள். அன்று மேகத்தைப் பார்த்ததுமே கல்லூரியில் எங்களை அனுப்பிவிட்டார்கள். பாலிகஞ்சிலிருந்து லேக் கார்டன்ஸ் அடுத்த நிறுத்தம்தான். பஜ்பஜ் லோக்கல் ரயிலின் வாசலிலேயே நின்று வந்தேன். முதல் பெரிய துளிகள் விழும்போது எங்கள் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே கருவி ஊதுகிற சத்தம். அளக்கும்போது மணி அடித்தால் எண் கெட்டுவிடுமே என்று வெளியிலேயே நின்றேன். உறுமியது, இறங்கியது. சாவியை எடுத்தேன். மறுபடி ஊதியது. நின்றேன். உறுமி இறங்கியது. கொஞ்ச நேரம் அமைதி. மூன்றாவது முறை ஊதியது. அது இறங்கி முடிந்ததும் என் கைபேசி துடித்தது. அப்பாவிடமிருந்து செய்தி: 138.

கதவைத் திறந்துகொண்டு போனேன். அப்பா பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிடக்கூட இல்லை.

"வந்துட்டியா? மழ புடிக்கதுக்குள்ள வந்துட்ட."

"அப்பா, மூணு தடவ எடுத்தீங்க."

"ஆமா."

"மத்த ரெண்டும் எவ்ளோ?"

"அம்பத்தாறு. நாப்பத்தொம்பது." நூறை விட்டுவிட்டுச் சொல்வது அவர் பழக்கமாகியிருந்தது. "அப்பறம் முப்பத்தெட்டு. முப்பத்தெட்டப் போட்டேன்."

"ஏன் முப்பத்தெட்டு?"

அவர் என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார். "மூணுல கொறஞ்சது அதான?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்கு அது அபூர்வம்.

"ஒரே எடத்துல மூணு தடவ ஆழம் பாக்கோம்னு வையி," என்றார், மேசையில் விரலால் கோடிழுத்து. "ஒம்பது மீட்டர், எட்டரை, எட்டு. சார்ட்ல எதப் போடுவ? சராசரியா போடுவ? சராசரி ஆழத்த நம்பி வந்த கப்பல் அந்த எட்டுல போயி ஒக்காந்திரும். கொறஞ்சதத்தான் போடணும். முப்பது வருசமா அதான போடுதேன். அதான் நாணயமான அளவு."

இதில் ஒளிவு மறைவே இல்லை என்பதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. கள்ளத்தனமாகச் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் தன் தொழிலின் நேர்மையை அப்படியே தூக்கி வந்து கைப்பட்டையில் மாட்டியிருந்தார். மாலை எண்கள் ஏன் தோளில் கைபோட்டு நின்றன என்பதும் அப்போதுதான் புரிந்தது. எதை எடுத்தாலும் மூன்றில் குறைந்ததையே பொறுக்கினால், உச்சிகள் எல்லாம் உதிர்ந்துபோகும். மிச்சம் ஒழுங்காகத்தான் தெரியும். நான் கொண்டாடிய அந்தச் சிதறலின்மை அப்பாவுடையது இல்லை. அவருடைய பழக்கத்தினுடையது.

வெளியே புயல் முழுசாக இறங்கியிருந்தது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஒரு நீலத் தார்ப்பாய் அடித்துக்கொண்டிருந்தது. பால்கனிக் கதவைச் சாத்தப் போனேன், சாத்தினேன், திரும்ப வந்தேன், மறுபடி போனேன்.

"ஒக்காந்து சொல்லு," என்றார் அப்பா. "என்ன தப்பு?"

"ஆத்துல கொறஞ்சதப் போட்டா கப்பல் தப்பிக்கும். சரி. இங்க கொறஞ்சதப் போட்டா யாருப்பா தப்பிக்கா?"

கோடிழுத்த அவர் விரல் மேசையிலேயே நின்றது.

"அங்க ஆபத்து கீழ இருக்கு. தரை. இங்க ஆபத்து மேல இருக்குப்பா. ஒங்க கணக்குப்படியே பாத்தா நீங்க அம்பத்தாறப் போட்டிருக்கணும்."

கதவு திறந்தது. அம்மா தலை முதல் கால் வரை நனைந்து, ஒற்றைச் செருப்போடு நின்றாள். இன்னொன்றை ஏரிக்கரையில் காற்று கொண்டுபோயிருந்தது. எங்கள் இரண்டு பேரையும், மேசையில் கிடந்த பட்டையையும் பார்த்தாள்.

"யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. பட்டையைச் சுருட்டிக்கொண்டே, "நான் திட்டுக்கு மேலயே கப்பல ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார்.

அன்றே அவர் அனுப்பிய மாலை எண்கள் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம். மாதத்தில் மிச்சமிருந்த நாட்களுக்குப் புதிய சட்டம் போட்டது அவர்தான்: எத்தனை தடவை எடுத்தாலும் அத்தனையும் போடணும். அந்த வேளைக்கு அவற்றின் சராசரி. காபி, சண்டை, மேனேஜர், எதற்கும் விலக்கு கிடையாது. எடுத்தவுடன் அவரே உரக்கச் சொன்னார், அடுக்களை வரை கேட்கிற மாதிரி.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வரைதாள் ஒட்டினேன். ஒவ்வொரு நாளும் அதுவரைக்குமான சராசரிக்கு ஒரு புள்ளி. அதன் மேலும் கீழும் தடுமாற்றத்தைக் காட்ட ஒரு குச்சி. நூற்று நாற்பதில் சிவப்பாக ஒரு படுக்கைக் கோடு. தொடக்கத்தில் எண்ணிக்கை கொஞ்சம், அதனால் குச்சிகள் நீளமாக இருந்தன. அவை சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கீழேயும் இறங்கின. அதாவது அப்பாவின் உண்மையான நடு எங்கேயும் இருக்கலாம், லாஞ்சும் இருக்கலாம். நாட்கள் போகப் போகக் குச்சிகள் குட்டையாகின. புள்ளி பெரிதாக நகரவில்லை, நூற்று நாற்பத்தெட்டை ஒட்டியே நின்றது. குச்சியின் அடிமுனைதான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, சிவப்புக் கோட்டை விட்டு விலகப் பார்த்தது.

இத்தனை நாள் நிறைய அளவுகள் வேண்டும், இன்னும் வேண்டும் என்று பறந்த எனக்கு, இன்னும் ஒன்று வேண்டாம் என்று தோன்றியது மாதக் கடைசி நெருங்கிய ஒரு காலையில்தான். குச்சி கோட்டை மயிரிழையில் தொட்டுக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் முன்னால் ஒரு காலில் மாற்றி மாற்றி நின்றேன்.

"அப்பா, இதோட போதும். இன்னைக்கே டாக்டர்ட்ட போங்க. இப்ப கேட்டா, நூத்து நாப்பதுக்குக் கீழயும் இருக்கலாம்னு சொல்லலாம். பொய்யில்ல அது. பாருங்க, தொடுது."

"நாளைக்கும் எடுத்தா?"

"நாளைக்கு... தொடாம போயிரும்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். வரைபடம் பார்க்கிறவர்களுக்கு உரிய நிதானம் அது. நான் போட்ட புள்ளிகளை அவ்வளவு மரியாதையாக யாரும் பார்த்ததில்லை.

"பாதி ஆத்த அளந்துட்டு சார்ட் போடச் சொல்லுதியோ?"

"அதுக்கில்லப்பா..."

"லாஞ்சு வேணும்னு எனக்கு இல்லையா? ஒன்னவிட எனக்கு வேணும்." கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "பட்டைய எடு."

மாதம் முடிகிறபோது குச்சி ஒரு நெல்மணி அளவுக்கு வந்திருந்தது. சிவப்புக் கோடு அதற்குக் கீழே, நடுவில் வெள்ளைத் தாள் தெரிய, தனியாகக் கிடந்தது. எவ்வளவு துல்லியமான சராசரி! இப்படி ஒன்றை என் வகுப்பில் காட்டியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். நான் அதைப் பிய்த்தெடுக்கும்போது ஒட்டுநாடாவோடு ஃபிரிட்ஜின் பெயின்ட்டும் கொஞ்சம் வந்தது.

அப்பா தாளை நாலாக மடிக்கவில்லை. அவர் வரைபடங்களைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போனார். அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. டாக்டரின் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். அம்மா பெஞ்சில் இருந்தாள். "தேஞ்சிரும்ட்டி தரை," என்றாள் ஒரு தடவை.

வெளியே வந்தவர் கையில் தாள் இல்லை.

"டாக்டர் வச்சுக்கிட்டாரு. யாரு போட்டதுன்னு கேட்டாரு. மக போட்டான்னேன்."

"லாஞ்சு?"

"இப்ப கெடையாது." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார், மருந்துச் சீட்டு அங்கே இருந்தது. "மாத்திரையப் போட்டுட்டு, இதே மாதிரி அளந்து, சராசரி இறங்கி நின்னா மறுபடி பாக்கேன்னு சொல்லுதாரு. மாத்திரை போட்டவன ஆத்துக்கு விடமாட்டாங்கன்னு நான்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்டி ஒரு சட்டமும் இல்லையாம்."

"யாரு சொன்னா ஒங்களுக்கு அத?"

"எங்க லாஞ்சு டிரைவர்."

"எத்தன பேரப் பாத்து சொன்னாராம்?"

அப்பா யோசித்தார். "ஒருத்தர."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோ வரிசை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். வரிசையில் ஒருவர் எங்களை முந்தி ஏறினார். நானும் அம்மாவும் அப்பாவின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அவர் ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசை வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. மாலையில் வந்ததும் இன்று நீர்மட்டம் எவ்வளவு, எந்தத் திட்டு நகர்ந்தது என்று லாஞ்சில் போனவர்களைத் தொலைபேசியில் நச்சரிப்பார். அம்மா ரசத்தில் உப்பைப் பாதியாக்கிவிட்டாள். காக்கிமாவின் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாங்களே ஒன்று வாங்கிவிட்டோம்.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து ஒரு காலை. ஜன்னலுக்கு வெளியே மழைக்காலத்து வெளிச்சம், சாம்பல் பூசின மாதிரி. நான் ரயிலுக்குக் கிளம்பிப் பையோடு நின்றுகொண்டே பட்டையைச் சுற்றினேன். ஊதியது, உறுமியது, இறங்கியது. நூற்று இருபத்தொன்பது.

"அம்மா! அம்மா, இருபத்தொம்பது! அப்பா, இருபத்தொம்பது!"

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். நான் கைபேசியை எடுத்துவிட்டேன், டாக்டரின் நேரம் எப்போது, புதிய தாள் எங்கே, எவ்வளவு நாளில் குச்சி கோட்டுக்குக் கீழே வரும் என்று மனம் அதற்குள் ஓடிப்போய் ஆற்றங்கரையில் நின்றுவிட்டது.

அப்பா பட்டை சுற்றிய கையை மேசையிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஒண்ணுதானட்டி," என்றார். "பைய எறக்கி வச்சுட்டு ஒக்காரு. இன்னொண்ணு எடு."

ரயில் போய்விடும் என்று தெரிந்தது. உட்கார்ந்தேன்.